இரண்டாவது கதிரை: ஒரு போடிங் வீட்டுக் குறிப்புகள்

எங்கள் வீட்டு மேல்மாடியில் மூன்று ரூம். ரூமுக்கு இரண்டு பேராக ஆறு பிள்ளைகள், எல்லோரும் கம்பஸ் படிக்கிறவர்கள். வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் 2006இல் இருந்து போடிங் நடத்துகிறேன். அதற்கு முன்பு 26 வருடம் தபால் கந்தோரில் வேலை. நான் டாக்டரும் இல்லை, உளவளம் படித்தவளும் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் மூன்று பிள்ளைகள் உயிரை விடுகிற நினைப்போடு இந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி விஷயத்தில் நான் நடந்துகொண்டது முழுப் பிழை. மற்ற இருவர் விஷயத்தில் ஓரளவு சரியாக நடந்தேன். மூன்று பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஊரையும் படிப்பையும் மாற்றியிருக்கிறேன்.

போடிங் நடத்துகிறவர்கள், ஒரே ரூமில் இருக்கிறவர்கள், ஒரே பட்ச்சில் படிக்கிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. பெற்றோர் இருப்பது பருத்தித்துறையில், அட்டனில், மட்டக்களப்பில். இரவு பதினொரு மணிக்கு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நாங்கள்தான்.

இதை வாசிக்கிற நீங்களே அந்தப் பிள்ளை என்றால், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். இப்போது 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது, இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும். தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஃபோனில் கதைக்க மனம் இல்லையென்றால் பக்கத்து ரூம் கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் என்னோட இரு" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எதைப் பார்ப்பது

அழுகையைத் தேடாதீர்கள். பரீட்சைக் காலத்தில் ஆறு பேரில் நாலு பேர் அழுவார்கள், அடுத்த நாள் சோட்டீஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சிரிப்பார்கள். நான் பார்ப்பது மாற்றத்தை. இடியப்பம் என்றால் படியில் இரண்டு இரண்டாகப் பாய்ந்து வருகிற பிள்ளை, நாலு நாளாக "பசிக்கேல்ல அன்ரி" என்கிறாளா? தலை முழுகுவதை விட்டுவிட்டாளா? விடிய மூன்று மணிக்கும் ரூமில் வெளிச்சம், பகலில் லெக்சருக்குப் போகாமல் படுக்கையா? வாட்ஸ்அப் குழுவில் இருந்து விலகிவிட்டாள் என்று ரூம்காரி சொல்கிறாளா?

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சாதாரணம். இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் கவனிக்க வேண்டும். இவற்றை விட என்னை உடனே எழுப்புகிறவை சில இருக்கின்றன. பொருளைக் கொடுத்துவிடுவது அதில் ஒன்று. ரைஸ் குக்கரைக் கீழ் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு இனித் தேவையில்லை" என்பது. மாதம் முடிய முன்பே வாடகையைக் கொண்டுவந்து, மின்சாரத்துக்கும் கணக்குப் பார்த்து, சில்லறை வரை தீர்ப்பது. "நான் இல்லாட்டி உங்களுக்கு ஒரு கட்டில் மிச்சம் அன்ரி" என்று பகிடி விடுவது. பகிடிதானே என்று சிரித்துவிட்டு நகராதீர்கள். இன்னொன்று எதிர்ப்பக்கமாக வரும்: வாரக்கணக்கில் உடைந்து கிடந்த பிள்ளை, ஒரு காரணமும் இல்லாமல் திடீரென்று அமைதியாகிவிடுவது. நாங்கள் "அப்பாடா" என்று மூச்சு விடுவோம். அது முடிவெடுத்துவிட்ட அமைதியாகவும் இருக்கலாம்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது வேறு கணக்கு. கொழும்பின் ஏப்ரல் வெயிலில், ஃபேன் இல்லாத சமையலறையிலும், முழுக்கை உடுப்பைக் கழற்றாத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் இல்லை. உள்ளே தாங்க முடியாமல் இருப்பதைக் கொஞ்ச நேரம் அடக்க அது ஒரு வழியாகிவிடுகிறது, அவ்வளவுதான் என்று அவர்களே சொல்வார்கள். ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களை விடக் கூட. அதனால் இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்படவும் கூடாது, ஒன்றுமில்லை என்று விடவும் கூடாது. "கவனத்தைத் தேடுறாள்" என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது: தேடினால் கவனியுங்களேன், அதில் என்ன நட்டம்?

எந்த நாட்களில் கண்ணைத் திறந்து வைப்பது? ரிசல்ட் வருகிற வாரம். ரிப்பீட் பரீட்சைக்கு முன்னும் பின்னும். முதலாம் வருடத்தின் முதல் மாதங்கள்: பகிடிவதை, அதோடு வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ஊரில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்த பிள்ளை, இங்கே பின்வரிசையில் இருந்து ஒன்றும் விளங்காமல் எழுதிக்கொண்டிருப்பாள். காதல் முறிந்த வாரம். மகாபொல உதவிப்பணம் பிந்தி, வீட்டில் கேட்கவும் முடியாத மாதம். ஒரே காரணம் என்று ஒன்றைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். நான் கண்ட மூவருக்கும் நாலைந்து விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. கடைசியாக விழுந்தது சின்னதாகத்தான் இருந்தது, அதை மட்டும் பார்த்தவர்கள் "இதுக்குப் போயா?" என்றார்கள்.

எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் நடக்காது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின்படி, 15இல் இருந்து 29 வயது வரையானவர்களின் மரணக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. கம்பஸ் பிள்ளைகளின் வயது முழுக்க அதற்குள் வந்துவிடுகிறது.

நான் செய்த பிழை

அந்த முழுக்கை உடுப்புப் பிள்ளை மலைநாட்டுப் பக்கம். இரண்டாம் வருடம். ஒருநாள் துணி காயப்போட மேலே போனபோது அவளின் கையைக் கண்டுவிட்டேன். பழைய தழும்பு, புதுசும் இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கதவில் நின்றபடி, "இது என்ன பைத்திய வேலை? அம்மாவுக்கு எடுத்துச் சொல்லட்டா?" என்று கத்தினேன். "கோயிலுக்குப் போ, மனம் தெளியும்" என்றும் சொன்னேன். அவள் கையை இழுத்து மூடிக்கொண்டு, "இனிச் செய்ய மாட்டன் அன்ரி" என்றாள். எனக்குத் திருப்தி. நல்லாய்ப் பேசித் திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அவளின் கையைப் பார்க்கவே இல்லை. சமையலறைக்கு வருவதைக் குறைத்தாள், என்னைக் கண்டால் வேகமாக நடந்தாள். ஒரு இரவு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தது. பிழைத்தாள். படிப்பை முடித்து இப்போது வேலை செய்கிறாள்.

சில வருடம் கழித்து ஒரு தீபாவளிக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு நானே கேட்டேன், அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தக் கதிரையில உடுப்புக் குவிச்சு வச்சிருந்தன். அதை நீங்கள் எடுத்துக் கட்டிலில போட்டிட்டு இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அடுத்த கிழமை போய் மூன்று பிளாஸ்டிக் கதிரை வாங்கினேன். இப்போது ரூமுக்கு ஒரு கதிரை கூட இருக்கிறது. உடுப்புப் போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டத்தை யாரும் மதிப்பதில்லை என்பது வேறு கதை.

எப்படிக் கேட்பது

படிக்கட்டில் மறித்துக் கேட்காதீர்கள். ரூம்காரி இருக்கும்போதும் வேண்டாம். மற்றப் பிள்ளை லெக்சருக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு போங்கள். ஒன்று உங்களுக்கு. தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது இருக்கப் போகிறீர்கள் என்று அவளுக்கு விளங்கும்.

முதலில் கண்டதைச் சொல்லுங்கள், கண்டதை மட்டும். "பிள்ளை, நாலு நாளா நீ சரியாச் சாப்பிடேல்ல. நேற்று இரவு மூன்று மணிக்கும் லைட் எரிஞ்சுது. எனக்கு யோசனையாக் கிடக்கு." இதில் குற்றமும் இல்லை, புத்திமதியும் இல்லை. பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். எனக்குக் கஷ்டமான பகுதி இதுதான். தபால் கந்தோர்க் கவுண்டரில் பேசிப் பழகிய வாய். கோப்பையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் இருபது வரை எண்ணுவேன்.

அவள் எதையாவது சொல்லத் தொடங்கினால் கேளுங்கள். "எல்லாம் போதும் போல இருக்கு", "ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை", "நித்திரை கொண்டா எழும்பக் கூடாது போல இருக்கு" என்ற மாதிரி ஏதும் வந்தால் நேராகக் கேளுங்கள்: "சாக வேணும் எண்டு நினைப்பு வருதா?" இல்லையென்றால் "தற்கொலை செய்யிற யோசனை இருக்கா?" சொல்லைச் சுற்றிப் போகாதீர்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே போட்டுவிடுவோமோ என்று நானும் பயந்தவள்தான். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். நான் கேட்ட இருவரும் கேட்டதும் முதலில் செய்தது பெருமூச்சு விட்டதுதான்.

எங்கள் தமிழில் "தானே" என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். "பிழையா ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?" என்று கேட்டால், "இல்லை அன்ரி" என்ற பதிலையும் நாங்களே அவளின் வாயில் வைத்துவிட்டோம். அது கேள்வி இல்லை, எங்களுக்கு ஆறுதல் சொல்லச் சொல்லி விடுகிற வேண்டுகோள்.

தற்கொலை என்ற சொல் வாயில் வராது. வீட்டில் அந்தச் சொல்லைக் கீழ்க்குரலில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். தனியாக இருக்கும்போது உரத்துச் சொல்லிப் பழகுங்கள். நான் தேங்காய் துருவும்போது பழகினேன். கீழ் வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது.

என்னென்ன சொல்லக் கூடாது என்பதை எங்கள் தலைமுறைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். "நாங்கள் இடம்பெயர்ந்து, பங்கருக்குள்ள இருந்து, சோறில்லாமப் பட்டதை விடவா உனக்குக் கஷ்டம்?" இதை நான் சொல்லியிருக்கிறேன். உண்மையிலேயே பட்டதால்தான் சொன்னேன். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது, "உனக்கு நோகிற உரிமை இல்லை" என்று போய்ச் சேர்கிறது. "அம்மா அப்பா உனக்காக எவ்வளவு பாடுபடுகினம்" என்பதும் அப்படித்தான். பாதிப் பேருக்குப் பாரமே அதுதான், அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றுகிறோம். கோயில், விரதம், நேர்த்தி பற்றி: நான் வஜிரா பிள்ளையாருக்குப் போகிற ஆள்தான். அந்த இரவுகளுக்குப் பிறகு நெய்விளக்கும் ஏற்றினேன். அது எனக்காக. அவளுக்கு அதை மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

ஓம் என்று சொன்னால்

உங்கள் நெஞ்சு படபடக்கும். முகத்தில் காட்டாமல் இருக்க முடியாவிட்டால், "எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு, ஆனா நீ சொன்னது நல்லது" என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிறகு இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். எப்படிச் செய்வது என்று யோசித்துவைத்திருக்கிறாளா? அதற்கானது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா? எப்போது என்று நாள் நேரம் ஏதும் மனதில் உண்டா? முன்பு எப்போதாவது முயன்றதுண்டா என்றும் கேட்கலாம். பதில்கள் எவ்வளவு தெளிவாக இருக்கின்றனவோ அவ்வளவு அவசரம். இன்றைக்கு, நாளைக்கு என்ற பேச்சு வந்தால் அவளைத் தனியே விடாதீர்கள். குளியலறைக்குப் போனாலும் கதவைப் பூட்டாமல் போகச் சொல்லி வெளியே நின்று கதை கொடுங்கள்.

ஆபத்தானதை அங்கிருந்து அகற்றுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். என் பிரஷர்க் குளிசையும் அதற்குள் போனது. மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லி, அவர்களின் மேசைகளில் கிடந்ததையும் வாங்கி வைத்தேன். அவள் சொன்ன பொருளையும் எடுத்துவிட்டேன். இது ஒளித்துச் செய்கிற வேலை இல்லை, "கொஞ்ச நாளைக்கு நான் வச்சிருக்கிறன்" என்று சொல்லியே எடுக்கலாம்.

"சாக நினைச்சவன் எப்படியும் சாவான், ஒளிச்சு என்ன பிரயோசனம்?" என்று என் தம்பியே கேட்டான். அவனுக்கு நான் சொன்னது இந்த நாட்டின் கதையை. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், அன்றைக்கு உலகத்திலேயே மிக மோசமான நாடுகளில் ஒன்று. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் அந்த வீதம் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மனிதரின் கவலை 70 சதவீதம் குறைந்துவிட்டதா? இல்லை. அந்த நினைப்பு அலை மாதிரி எழும்பி இறங்கும். எழும்பி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால், பிறகு இறங்கிவிடும். இறங்கிய பலர் பிறகு தங்கள் ஆயுள் முடிய வாழ்ந்துவிட்டுத்தான் போகிறார்கள்.

உதவி கேட்கிற இடங்கள். 1926 பற்றிச் சொன்னேன். 1333 இன்னொரு இலக்கம், காசில்லாமல் கதைக்கலாம். ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, 1974இல் தொடங்கியது. நேரே போயும் கதைக்கலாம், பெயர் ஊர் கேட்டு அலுப்புத் தர மாட்டார்கள். ஏற்கெனவே ஏதும் செய்துகொண்டுவிட்டாள் என்றால் இவை ஒன்றும் வேண்டாம். 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி எதுவானாலும் அவசரப் பிரிவு இரவு முழுக்கத் திறந்திருக்கும். எங்களுக்குக் கிட்ட களுபோவில, இல்லாவிட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலை. "பார்ப்பதற்குச் சுகமாத்தானே இருக்கிறாள், விடியட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். சிலது சுகமாக இருப்பது போலக் காட்டிவிட்டுப் பிறகுதான் வேலையைக் காட்டும்.

ஒரு சின்ன ஆயத்தம்: பதட்டத்தில் எனக்குச் சிங்களம் வராது. அதனால் எங்கள் விலாசத்தையும், "கம்பஸ் பிள்ளை, அவசரம், வீட்டுக்கு முன்னால் ஆள் நிற்கும்" என்பதையும் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்தில் எழுதி, ஃபோனுக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மேல்வீட்டுப் பிள்ளை ஒருத்திதான் எழுதித் தந்தாள், எதற்கென்று கேட்காமல்.

பொலிஸ் வருமோ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது இந்த நாட்டில் 1998இல் இருந்து குற்றம் இல்லை. அந்தப் பிரிவையே சட்டத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தாள்" என்று கதை கட்டினால் வைத்தியமும் பிழையாகப் போய்விடும்.

இரகசியம்

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ" என்று கேட்பாள். பண்ணாதீர்கள். "உன்ர உயிரோட சம்பந்தப்பட்டதை நான் மட்டும் வச்சிருக்க ஏலாது. ஆனா உனக்குத் தெரியாமல் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று சொல்லலாம். யாருக்குச் சொல்வது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பிள்ளை அப்பாவுக்கு வேண்டாம் என்றாள், கிளிநொச்சியில் இருந்த அக்காவுக்குச் சொல்லச் சொன்னாள். அக்கா அன்றிரவே பஸ் ஏறினாள். விடிய வந்து இறங்கியவளிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: முதல் ஒரு மணித்தியாலம் ஏன் என்று கேட்காதே.

வீட்டார் வந்ததும் தாய்மார் சிலர் என் கையைப் பிடித்து, "வெளியில தெரிஞ்சா கலியாணம் சரிவராது" என்பார்கள். அதில் கோபப்பட்டுப் பயன் இல்லை, அவர்கள் வாழ்கிற ஊர் அப்படி. "நான் சொல்ல மாட்டன், நீங்கள் டாக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று பேரம் பேசிவிடுவேன். தேசிய மனநல நிறுவனம் இருக்கிற இடம் அங்கொட. அந்தச் சொல்லைப் பகிடிக்கும் ஏச்சுக்கும் பாவித்துப் பாவித்து, அங்கே போவதே வெட்கம் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். மனநலப் பிரிவு பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது, கிளினிக் துண்டைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கம்பஸ் பக்கம்

மாணவ ஆலோசகர் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எங்கள் பல்கலைக்கழகங்களில் அந்தப் பதவி பெரும்பாலும் விரிவுரையாளர் ஒருவருக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுவது. ஒழுக்காற்று விஷயங்களிலும் அவரே நிற்பதால் பிள்ளைகள் வாய் திறக்கப் பயப்படுவார்கள். தங்கமான ஆட்களும் உண்டு, சிலரை எனக்கே தெரியும். ஆனால் கேட்கும்போது பயிற்சி பெற்ற உளவள ஆலோசகர் யார், எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் இருக்கிற டாக்டரிடம் முதலில் போகலாம். அதில் இன்னொரு நன்மை, பரீட்சையைத் தவறவிட்டால் தேவைப்படுகிற மெடிக்கல். அதை உரிய நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் ரிப்பீட் கணக்கில் விழுந்து, அதுவே அடுத்த இடியாகிவிடும். ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளைக்கு இது ஞாபகம் வராது. பட்ச்காரர் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

பகிடிவதைதான் காரணம் என்றால், அது 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் முறைப்பாடு எழுதுவது பிறகு. முதலில் பிள்ளை.

திரும்பி வந்த பிறகு

ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டாள், எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். வந்த முதல் வாரங்களும் மாதங்களும்தான் கூடுதல் ஆபத்தான காலம். மருந்து எழுதியிருந்தால் அது வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை, சிலவேளை அதற்கும் மேல் எடுக்கும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய நாட்களில் மனம் இன்னும் குழம்பவும் கூடும் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், அதைக் கவனிக்கச் சொன்னார். கொஞ்சம் நல்லாய் இருக்கிறது என்று தானாக நிறுத்தவும் கூடாது. குளிசைகளை என்னிடம் தந்து, கிழமைக்குக் கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று அவளோடு பேசி ஒழுங்கு செய்தேன்.

அவளை நோயாளியாக்கி விடாதீர்கள். முதல் நாள் ஐந்து பிள்ளைகளும் கால்விரலில் நடந்தார்கள், குசுகுசுத்தார்கள். மூன்றாம் நாள் நான், "தேங்காய் துருவ ஆள் வேணும்" என்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன். அவள்தான் வந்தாள். பாதித் தேங்காயோடு நிறுத்திவிட்டு அழுதாள், பிறகு மிச்சத்தையும் துருவினாள்.

ஒரு காகிதம் எழுதினோம். இதை ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்தார்கள், பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். பெயர் பெரிது, எங்கள் பிரதி கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் இருக்கிறது. அவளின் கையெழுத்தில், அவளின் சொல்லில். மேலே, நிலைமை மோசமாகிறது என்பதற்கான அடையாளம்: "தலை முழுகாமல் நாலு நாள். ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறேன். அம்மாவுக்கு 'ஓம் ஓம்' மட்டும் சொல்கிறேன்." அடுத்து, தனியாகச் செய்யக் கூடியது: முகம் கழுவுவது, ஹெட்செட் போட்டுக்கொண்டு மரைன் டிரைவில் சனம் உள்ள பக்கமாக நடப்பது, கீழ் வீட்டு நாய்க்குப் பாண் துண்டு போடுவது. அதுவும் சரிவராவிட்டால் ஆட்களோடு போய் இருக்கக்கூடிய இடம்: என் சமையலறை, அன்ரியோடு கதைக்க வேண்டியதில்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். பிறகு பெயர்கள்: அக்கா, ரூம்காரி, பட்ச்சில் ஒரு பையன். பிறகு கிளினிக் நாள், 1926, 1990. கடைசி வரி ரூமில் என்னென்ன இருக்கக் கூடாது என்பது.

மூன்று பிரதி. ஒன்று அவளின் ஃபோனில் படமாக, ஒன்று அக்காவிடம், ஒன்று என் மருந்து அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில்.

சரி, உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த முதல் இரவுக்குப் பிறகு எனக்கு ஒரு மாதம் நித்திரை இல்லை. மேலே ஒரு கதவு அடித்தாலும் எழும்பிப் போய்ப் படியில் நிற்பேன். ரூம்காரிப் பிள்ளைக்கு அதைவிட மோசம், அவளிடம் ஒருத்தரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கடைசியில் நானே 1926க்கு எடுத்து, "எனக்கு ஒண்டும் இல்லை, ஆனா கதைக்க வேணும்" என்றேன். அரை மணித்தியாலம் கதைத்தேன். காவலை ஒருவர் மட்டும் சுமக்க முடியாது. முறை வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான், நாளைக்கு நீ என்று. எவ்வளவு செய்தும் சில வீடுகளில் பிள்ளை போய்விடுகிறது. அப்படிப் போன வீட்டுக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் குறையாகச் செய்யவில்லை.

கரண்ட் பில் பிள்ளை பட்டம் முடித்துப் போய் இரண்டு வருடம். போன மாதம் ஒரு மாலை, நான் மாவுக்குச் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன் எடுத்தாள். சுகம் கேட்டு முடிய, "அன்ரி, அந்தக் காகிதம் இன்னும் இருக்கா?" என்றாள். இருக்கு என்றேன். "அக்கா சிம் மாத்திட்டா. நம்பர் சொல்றன், வெட்டிப்போட்டு எழுதிவிடுங்கோ." மாக் கையோடு பேனை தேடினேன்.